அண்ணனைக் கடிக்காத அட்டைகள்

எங்கள் ஊரில் அட்டையைக் கண்டால் உப்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு போவார்கள். அப்படியும் மாலையில் திரும்பும்போது கணுக்காலில் ஒன்றிரண்டு கொழுத்துத் தொங்கும். அந்த அட்டை ஒரு மனிதரைக் கடிக்க வேண்டுமே என்று தவம் கிடப்பதற்காக நான் கடல் தாண்டிக் கொடைக்கானல் மலைக்குப் போனேன் என்றால் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

போனது அண்ணனுக்காக. இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசி, தோட்டத்துச் சனங்களை உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று பங்கு போட்டபோது அண்ணன் இந்தியாவின் பங்கில் விழுந்தார், நான் இலங்கையின் பங்கில் விழுந்தேன். அவர் மாமா குடும்பத்தோடு கப்பலேறினார். நான் அம்மாவோடு நின்றுவிட்டேன். கொடைக்கானல் மேல்மலையில் அவர் முதலில் கூலிக்கு மரம் நட்டார், பிறகு குத்தகை நிலத்தில் பூண்டு நட்டார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். இவ்வளவுதான் எங்கள் குடும்ப வரலாறு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவோம். பேசுவோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் பேசுவார், நான் ம் கொட்டுவேன். பூண்டு விலை, காட்டுமாடு வேலியைப் பிய்த்த கதை, வடுகபட்டிச் சந்தையில் வியாபாரியை வாயடைத்த கதை என்று நிறுத்தாமல் போகும். ஒரு ஞாயிறு, சந்தைக் கதையின் நடுவில், "வெல கேட்டான்டா தம்பி, நான் கதவு... கதவு நனஞ்சு... மண்ணு சட்ட..." என்றார். அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ நாக்கு சுளுக்கிக்கிச்சுடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் மகள் செல்வி அழைத்தாள். இப்படி ஆவது முதல் தடவை இல்லையாம். ஒரு முறை இடது கண்ணில் திரை இறங்கின மாதிரி இருட்டியதாம். இன்னொரு முறை வலது கையிலிருந்து டம்ளர் நழுவியதாம். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டியதில், கழுத்தில் இடப்பக்கம் மூளைக்கு ரத்தம் ஏறும் குழாய் ரொம்பக் குறுகிப்போயிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்து உள்ளே படிந்ததை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அப்பா முடியவே முடியாதுங்கறாரு சித்தப்பா. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். அவர் வாழ்நாளில் நான் சொல்லி எதையும் கேட்டதில்லை. இருந்தாலும் புறப்பட்டேன்.

செண்பகனூரில் செல்வியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. மழை என்றால் கொட்டுகிற மழை இல்லை. நாள் முழுக்க நசநசவென்று, துணியைக் காயவிடாத, மனதையும் காயவிடாத மழை. கொடைக்கானலைப் பார்த்தவுடன் எனக்கு நுவரெலியா ஞாபகம்தான் வந்தது. அதே செயற்கை ஏரி, அதே சோர்ந்த குதிரைகள், வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே சாம்பல் நிறக் கல் வீடுகள். எங்கள் பக்கம் தேயிலை இருக்கிறது, இங்கே சாக்லேட் கடை இருக்கிறது. இரண்டு ஊரிலும் குளிரைப் பார்க்க வருகிறவர்கள் குல்லாய் போட்டுக்கொண்டு சோளம் தின்கிறார்கள்.

செல்வி தன் வீட்டின் மேல்மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். அவள் கணவன் வாடகை வண்டி ஓட்டுகிறான், பெரும்பாலும் வெளியூரில். இரவு இட்லியும் பூண்டுக் குழம்பும் வைத்தாள். எங்கள் வீட்டில் பூண்டை எண்ணிப் போடுவோம். இங்கே கத்திரிக்காய் போடுகிற மாதிரி போட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனை நீட்டினாள்.

"அப்பா இத வச்சுக்கிட்டுத்தான் ஆடுறாரு சித்தப்பா. யாரோ ஃபார்வர்ட் பண்ணது."

கழுத்துக் குழாய் குறுகியவர்களின் மூளையில் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் இருக்கிற தொடர்பு தளர்ந்துபோகும், அட்டை மருத்துவம் செய்தால் அந்தத் தொடர்பு திரும்பவும் பலப்படும் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே வண்ண வண்ணக் கோடுகள் போட்ட மூளைப் படம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்று எனக்குத் தெரியாது. யார் எழுதினார்கள் என்றும் இல்லை.

"தொடர்பு விஷயம் உண்மைதான். மதுரை டாக்டரே சொன்னாரு" என்றாள் செல்வி. "மூளையில ஒவ்வொரு எடமும் இன்னொரு எடத்தோட பேசிக்கிட்டே இருக்குமாம். ரத்தம் கம்மியாப் போனா அந்தப் பேச்சு விட்டு விட்டு வருமாம். மழையில நம்ம மேல்மலைக்கு போன் லைன் விட்டு விட்டு வரும்ல, அந்த மாதிரி. ஆனா அட்டைய பத்தி அவரு எதுவும் சொல்லல. ஆபரேஷன தள்ளாதீங்க, மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்கன்னுதான் சொன்னாரு."

மறுநாள் வெள்ளனே பூம்பாறைப் பக்கம் போகிற பேருந்தில் ஏறினேன். சன்னல் கண்ணாடி மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் உரச்சாக்கை மடித்து என் தோளில் போர்த்திவிட்டு, "வெளியூருங்களா? இந்த வண்டிக்குக் கொட கொண்டாந்து உள்ளாறதான் பிடிக்கணும்" என்றாள். வழி நெடுக மேகம். பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

அண்ணன் பேருந்து நிற்கிற இடத்திலேயே நின்றிருந்தார். மெலிந்துபோயிருந்தார். கட்டிப்பிடித்தபோது முதலில் என்மேல் ஏறியது பூண்டு மணம். அறுவடை நேரம். வீட்டுக்குள் தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது, கீழே புகை மூட்டம் போட்டிருந்தது. இந்த மலைப் பூண்டைப் புகையில் பதமாக்கி வைத்தால் மாதக் கணக்கில் கெடாதாம். அண்ணி இறந்த பிறகு அந்தப் புகைக்கு நடுவில்தான் அண்ணன் தனியாக இருக்கிறார். சட்டை, தலைமுடி, போர்வை, குடிக்கிற தண்ணீர் எல்லாம் பூண்டு மணத்தன. போதாததற்குக் காலையில் பாலில் பூண்டு வேகவைத்து ஒரு கிண்ணம் தின்றார்.

"ரத்தத்த எளக்கும்டா. டாக்டரு குடுத்த மாத்திரையும் அதுக்குத்தான். அவரு வெள்ளையா குடுக்குறாரு, நான் பல்லு பல்லா திங்கிறேன்" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "ஆபரேஷனுக்கு வாங்கண்ணே" என்றேன்.

அவர் புகைக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "கழுத்த அறுப்பானுங்கடா."

"அறுத்தாத்தானே எடுக்க முடியும்?"

"அறுக்கட்டும். நான் பயந்தவனில்ல. ஆனா அந்த டாக்டரு நல்ல மனுசன், மறைக்காம சொன்னாரு. பண்ணும்போதே சில பேருக்கு வாதம் வந்துரும்னு. கை போனா போவட்டும், கால் போனாலும் ஒக்காந்து கெடப்பேன். பேச்சு போச்சுன்னா? நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு என்னா இருந்துச்சு? காணி இல்ல, சொந்தம் இல்ல, சிலோன்காரன்னு பேரு. பேசிப் பேசித்தான்டா நிலம் புடிச்சேன், பொண்ணு கட்டுனேன். பேச்சில்லாம என்னைய வச்சுக்கிட்டு என்னா பண்ணுவ?"

ஆபரேஷன் செய்யாவிட்டால் பேச்சு போக இன்னும் அதிக வாய்ப்பு என்று டாக்டர் செல்வியிடம் சொன்னதை எடுத்துச் சொன்னேன். கணக்கு வாத்தியார் கணக்காகத்தான் சொன்னேன். அவர் என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தார். ஆயக்குடியில் அட்டை விடுகிற சித்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அங்கே ஒரே ஒரு தடவை அட்டை விட்டுப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு நான் கைகாட்டுகிற இடத்துக்கு வருவதாகச் சொன்னார். பூண்டு வியாபாரிகளிடம் பேரம் பேசிப் பழகியவரிடம் நான் எப்படி ஜெயிப்பது? ஒரு நாள்தானே, கடித்துத் தொலைக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பழனிக்கு இறங்குகிற சாலையில் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் பார்த்துவிட்டு, "ஏலே, வெரசா ஒரு கல்ல எடுத்து சக்கரத்துக்கு வைலே" என்று நடத்துநரிடம் கத்தினார். எல்லோரும் இறங்கி மழையில் நின்றோம். எங்கள் தோட்டப் பக்கத்தில் பேருந்து நின்றால் சனங்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இங்கே ஒருவருக்கொருவர் நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் அண்ணனை விசாரித்தார்.

"அட்டைக்கா போறீங்க? எங்க சகலைக்குக் காலுல ஆறாத புண்ணு. அட்டைதான் ஆத்துச்சு. ஆனா கழுத்துக்குன்னு நான் கேள்விப்படல. எதுக்கும் மேல போயி மொட்டையப் போட்டுட்டு வந்திருங்க."

"மொட்ட போட்டா கழுத்து நல்லாத் தெரியும், அறுக்குறதுக்கு வசதி" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவரைச் சுற்றி எப்போதும் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும். அவர் வலது கை சட்டைப் பொத்தானைத் தேடித் தடுமாறியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஆயக்குடியில் சாலையோரம் முழுக்கக் கொய்யாக் கூடைகள். மலையில் புகையும் மழையுமாக இருந்துவிட்டு வந்ததற்கு அந்தப் பழ வாசனை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மருத்துவர் நாற்பது வயதிருக்கிற ஒரு பெண்மணி. முன்னறையில் கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர், துணியால் மூடிக் கட்டியிருந்தது, உள்ளே அட்டைகள் நெளிந்தன. எங்கள் ஊர் அட்டை நூல் போல இருக்கும். இவை குளத்து அட்டைகள், விரல் நீளம், முதுகில் பச்சைக் கோடு. ஒரு நோயாளிக்கு விட்டதை இன்னொருவருக்கு விடமாட்டார்களாம்.

அவர் எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொன்னார்.

"ஐயா, கழுத்துக் குழாய்க்குள்ள இருக்கற அடைப்ப அட்டை உறிஞ்சி எடுக்காது. அப்படி நான் சொன்னா அது பொய்யி. நீங்க மதுரையில சொன்னத செய்யிங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பேரம் முறிகிறது, ஆபரேஷனும் போகிறது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் கணுக்காலில் பழைய வீக்கம் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, இதற்காவது விடுங்கள் அம்மா, அவர் மனது ஆறினால்தான் ஆபரேஷனுக்கு வருவார் என்று கெஞ்சினேன். மருத்துவர் அந்த வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தத்த எளக்கற மாத்திர சாப்பிடறவங்களுக்கு நான் விடறதே இல்ல. இவருக்கு ஒன்னே ஒன்னு, கணுக்கால்ல மட்டும். ரத்தம் நிக்க நேரமாகும், அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார்.

ஒன்றை எடுத்து விட்டார். அது அண்ணன் காலில் தலையை வைத்தது, சட்டென்று சுருண்டது, கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. இரண்டு சொட்டுப் பால் தடவிப் பார்த்தார். ஊசியால் லேசாகக் குத்தி ரத்தம் காட்டினார். வேறொரு அட்டையை எடுத்தார். அதுவும் திசை தெரியாமல் ஊர்ந்து தட்டில் விழுந்தது. முதலில் விட்டது அதற்குள் வெளிறிப்போய் அசையாமல் கிடந்தது.

மருத்துவர் அண்ணன் கையைப் பிடித்து முகர்ந்தார். "ஐயா என்ன சோலி பாக்குறீங்க?"

"பூண்டு வெள்ளாம."

"சாப்பிடறதும் உண்டா?"

"அது இல்லாமயா?"

"வேர்வையிலயே வருது. பூண்டு இதுகளுக்கு ஆகாது, செத்துப்போகும். ஒரு வாரம் பூண்டத் தொடாம, திங்காம இருந்துட்டு வாங்க. மாத்திரைய மட்டும் வழக்கம்போல போடுங்க. அத நிறுத்தக்கூடாது, கேட்டுக்கோங்க."

நான் கேட்டுக்கொண்டேன். அண்ணன் தட்டில் கிடந்த செத்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ரத்தம் அட்டைக்குக் கூட ஆகலடா தம்பி" என்றார். அதையும் வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் செண்பகனூரில் செல்வி வீட்டில் கழிந்தது. அறுவடையைப் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துக்கொண்டார். செல்வி வீட்டிலிருந்த பூண்டையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். ரசம் வெறும் புளித்தண்ணீராக ஆனது. துவையலில் உயிரில்லை. கடையில் வாங்கிய ரொட்டியைச் சாயத்தண்ணீரில், அதாவது பால் விடாத தேநீரில், தொட்டுத் தின்றோம். அதை ரொட்டி என்று சொல்ல வாய் வராமல் அண்ணன் இன்னும் பாண் என்றுதான் சொன்னார். கடைக்காரர்களுக்கு விளங்காது, விரலால் காட்டி வாங்குவார். காலையிலும் மாலையிலும் தேய்த்துக் குளித்தார். குளித்துவிட்டு வந்து என் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "மணக்குதா?" என்பார். மணக்கும். அரை நூற்றாண்டுப் பூண்டு ஒரு வாரத்தில் போகுமா?

ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் நடக்கும்போது நின்றுவிட்டார். எதிரே இருந்த படகைக் காட்டி, அதற்குப் பெயர் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பி வந்துவிட்டது. முகத்தில் பழைய களை மட்டும் திரும்பி வரவில்லை. அன்றைக்கே மதுரைக்குப் போன் போட்டேன். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"நாளன்னிக்கு அட்ட. அதுக்கு மறுநா மதுர. வாக்குக் குடுத்தா மாறமாட்டேன்டா" என்றார். அவரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

இரண்டாம் முறை ஆயக்குடி. மருத்துவர் கேட்டார், "மாத்திரையெல்லாம் போட்டீங்களா?" அண்ணன் தலையாட்டினார். அட்டையை விட்டார். அது ஒரு கணம் தயங்கியது, வாயைப் பதித்தது, கடித்தது.

நான் எத்தனை அட்டைக் கடி பார்த்திருக்கிறேன், ஆனால் அட்டை கடித்ததைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்தது அன்றைக்குத்தான். அண்ணன் குழந்தையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடி ராசா, நல்லா குடி" என்றார். அது மெல்ல மெல்லப் பருத்தது. போதும் என்று மஞ்சள் தூளைத் தூவியதும் கழன்றது. கட்டுப் போட்டு, ரத்தம் நிற்கிற வரைக்கும் உட்கார வைத்தார்கள். அவ்வளவு நேரமும் அண்ணன் வாய் மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முழங்கால் வலிக்காரர் பெயர், ஊர், பேத்தி படிப்பு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நல்ல கொய்யாவாகப் பார்த்து வாங்கி எனக்கு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்த கடைசி நாள் அதுதான்.

மலையேறுகிற பேருந்தில், மேகம் சன்னலை மூடத் தொடங்கிய பிறகு, என் காதருகே குனிந்து சொன்னார்.

"பூண்ட மட்டும் விட்டா பத்தாதுன்னு எனக்குத் தெரியும்டா. அந்த டாக்டரம்மாவுக்கு அது தோணல. பூண்டும் ரத்தத்த எளக்கும், மாத்திரையும் ரத்தத்த எளக்கும். ஒன்னு அட்டைக்கு ஆகாதுன்னா இன்னொன்னு எப்படி ஆகும்? அதான் மாத்திரையையும் சேத்து நிறுத்திட்டேன். ஒரு வாரமா தொடல. பாத்தியா, எப்புடிக் குடிச்சிச்சு!"

செல்வி தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுப்பாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பிறகு கொல்லைப்புறம் போய்த் துப்பியிருக்கிறார். ஒரு பூண்டு விவசாயியால்தான் இப்படி யோசிக்க முடியும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ரத்தத்தை இளக்குவது பூண்டு. மாத்திரை அந்தப் பூண்டுக்கு ஒரு தம்பி. பேருந்திலேயே, இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் சத்தம் போட்டேன். "ஏன்டா கத்துற? நாளைக்கு மதுரைக்குத்தான் வாறேனே" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். அவருக்கு அது அவமானமாக இருந்திருக்கும். மதுரை டாக்டரிடம் போனில் சொன்னேன். விடிந்ததும் கிளம்பி வாருங்கள் என்றார்.

விடிந்தது. செல்வி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேட்டி சட்டை மாற்றி, மதுரைக்குத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டை அவர் முன்னால் வைத்தேன். வலது கையைத் தூக்கப் பார்த்தார், அது தொடை மேலேயே கிடந்தது. அதை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு விடுமுறை. பெருமாள்மலைக்கு முன்னால் சாலை முழுக்க வண்டிகள், எல்லாம் குளிர் பார்க்க மேலே வருகிறவை. எங்கள் சங்குச் சத்தத்துக்கு ஒதுங்க அவர்களுக்கு மனம் இருந்தது, இடம் இல்லை. ஒரு வேனுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பினார். செல்வி அப்பாவின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா பேசுங்கப்பா, எதாச்சும் பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வத்தலக்குண்டு வந்து வெயிலைப் பார்த்தபோது எனக்கு அந்த வெயில் பிடிக்கவே இல்லை.

மதுரையில் எல்லாம் வேகமாக நடந்தது. படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்றார்கள். மூன்றாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். திட்டவில்லை.

"பேச்சுக்கான எடத்துல அடிபட்டிருக்கு. அதுக்கும் மத்த எடங்களுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோன மாதிரி. கொஞ்சம் திரும்பி வரலாம், எவ்வளவுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஆனா குழாய் இப்படியே இருந்தா இன்னொன்னு வரும். இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிரணும். பண்றதுலயும் ஆபத்து இருக்கு, முன்னாடி இருந்தத விட ஜாஸ்தி."

அவரே எங்களோடு படுக்கைக்கு வந்தார். அண்ணன் கண் திறந்திருந்தது. தெளிவான கண்.

"ஐயா, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார் டாக்டர்.

"சரி" என்றார் அண்ணன்.

ஒரு சொல்தான், ஆனால் பிசிறில்லாமல் வந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நாள் காத்திருந்து கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் முகத்தில் மாற்றமில்லை. "ஐயா, உங்க பேரு என்ன?"

"சரி."

"இது யாரு, உங்க தம்பியா, மகனா?"

"சரி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இப்ப அவருக்கு வர்ற ஒரே வார்த்தை அதுதாங்க. மனசுல என்ன இருந்தாலும் வாயில அது மட்டும்தான் வரும். இத சம்மதம்னு நான் எடுத்துக்க முடியாது. வீட்டுல பேசி நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு சொல்லணும்."

அவர் போனார். செல்வி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். "என்னால முடியாது சித்தப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்தேன். இப்போதும் அவர் காது மடலில் பூண்டு மணம் இருந்தது.

"அண்ணே, நான் பேசுறது விளங்குதா? ஆபரேஷன் வேணாமா? வேணாம்னா சொல்லுங்க, மலைக்கே போயிடுவோம்."

"சரி."

"அப்ப பண்ணிக்கிறோமா?"

"சரி" என்றார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. நல்ல கையால் கட்டிலை அடித்தார். "சரி! சரி! சரி!" என்று மேலும் மேலும் சத்தமாகச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் என்னோடு புகைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடினாரே, மாட்டேன் மாட்டேன் என்றாரே, அச்சு அசலாக அந்தக் குரல். வார்த்தை மட்டும்தான் வேறு.

நான் வெளியே போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.